ஏழு முள் எறியுளி

உலைக்கூடத்துக்குள் நுழைந்ததுமே அறவாழி கையிலிருந்த காகிதக் கட்டைத் தரையில் அடித்தார்.

"மனுஷங்களா இவங்க? மரக்கட்டைங்க!"

உலகம்மை துருத்தியை நிறுத்தவில்லை. சுறா வேட்டைக்காரர்களுக்கு எறியுளி அடித்துக் கொடுப்பவள் அவள். கயிறு கட்டி எறியும் ஈட்டி அது. அறவாழியைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் மனம் நொந்துபோனால் அவர் வந்து உட்காரும் இடம் அவள் காலடிதான். அந்தக் கரையில் வேறு யாரையும் அவர் குருவாக ஏற்றதில்லை, தன்னைத் தவிர.

"பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சா, அண்ணாச்சி?"

"இருபத்தாறு வருஷமா இந்தப் படகுக்காரங்களுக்காகப் பேசறேன், தாயே! ஆடிக் காத்துல படகை இறக்குன்னு சொல்றான் முதலாளி. போன ஆடியில ரெண்டு பேர் கரை திரும்பல. நாளைக் காலையில கூட்டம். முடியாதுன்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லணும். சொல்லலேன்னா இந்த ஆடியிலும் பிணம் தேட வேண்டியதுதான்."

"சொல்ல மாட்டாங்களா?"

"நான் பேசினா கை தட்டுறாங்க. கண் கலங்குறாங்க. மறுநாள் விடியறதுக்குள்ள படகுல ஏறிடறாங்க. என் பேச்சு தைக்குது, தாயே. ஏன் நிக்க மாட்டேங்குது?"

"அதுக்கு என்ன செஞ்சீங்க?"

"பேச்சை நீட்டியிருக்கேன். போன வருஷம் நாலு பக்கம். இப்ப ஏழு."

உலகம்மை துருத்தியை விட்டு எழுந்தாள். சுவரில் வரிசையாகத் தொங்கிய எறியுளிகளைக் காட்டினாள்.

"அந்த முதலாவது எலும்பு. குத்துச்சு, வழுக்கிட்டு வந்துச்சு. அடுத்தது இரும்பு, பின்பக்கமா வளைஞ்ச ஒரு முள் வச்சாங்க. சுறா பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. ரெண்டு முள் வச்சாங்க. அப்பவும் போச்சு. மீன் தப்புறப்பெல்லாம் ஒரு முள்ளைக் கூட்டினாங்க. எங்க தாத்தா ஏழு வச்சார்."

"ஏழு வச்சா நிக்குமே!"

"எறிஞ்சு பாருங்க."

வாசல் மணலில் ஒரு வாழைமரத் துண்டு கிடந்தது. அறவாழி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தார். ஏழு முள்ளும் உள்ளே இறங்கின. மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"இப்பக் கம்பைப் பிடிச்சு ஆட்டுங்க. சுறா துள்ளினா அது ஆடற மாதிரி."

ஆட்டினார். கம்பு ஆட ஆட ஓட்டை பெரிதாயிற்று. ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு முள்ளும் நாரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன.

உலகம்மை இன்னொன்றைக் கொடுத்தாள். விரல் நீள முனை, ஒரே ஒரு முள். கயிறு முனையின் இடுப்பில் கட்டியிருந்தது. கம்பு சும்மா செருகியிருந்தது. அறவாழி அலுப்போடு எறிந்தார். முனை உள்ளே போயிற்று. கம்பு கழன்று மணலில் விழுந்தது.

"சீ! இதைப் போயா விக்கறீங்க?"

"கயித்தை இழுங்க."

இழுத்தார். உள்ளே முனை குறுக்காகத் திரும்பிக்கொண்டது. மரத்துண்டு மணலில் அவரை நோக்கி நகர்ந்து வந்ததே ஒழிய, முனை வரவில்லை.

அறவாழிக்கு எரிச்சல் வந்தது. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே! எதுக்கு இத்தனை தலைமுறை?"

"கம்பு கழண்டா உளி கெட்டுப்போச்சுன்னு நினைச்சாங்க. இன்னும் இறுக்கிக் கட்டினாங்க."

அறவாழி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. நாளைக்கு நான் என்ன பேசணும்? அதைச் சொல்லுங்க."

"போன ஆடியில தம்பியைப் பறிகொடுத்தானே சந்தியாகு, அவன் கூட்டத்துல எதுவும் பேசறதில்லையா?"

"போன கூட்டத்துல எழுந்தான். அவனுக்குத் திக்குவாய். 'என் தம்பி, என் தம்பி'ன்னான். அதுக்கு மேல வரல. ஒருத்தரும் கை தட்டல. ஒருத்தரும் இருமக்கூட இல்ல. பாவமா இருந்துச்சு. நான்தான் அவனை உக்கார வச்சிட்டு மீதியைப் பேசினேன்."

"ஒருத்தரும் இருமக்கூட இல்லன்னா அது உள்ள நின்னுடுச்சே, அப்புறம் எதுக்கு நீங்க பேசினீங்க?" என்றாள் உலகம்மை.

"நல்லாத்தான் பேசினேன், தாயே."

என்ன செய்வதென்று தெரியாமல் அறவாழி குனிந்தார். மணலில் கிடந்த கம்பை எடுத்து முனையில் மறுபடி செருகப் போனார்.

உலகம்மை கம்பின்மேல் காலை வைத்தாள்.

"விடுங்க, அண்ணாச்சி. அதோட வேலை முடிஞ்சுது."