டஜனை ட்ரே ஆக்கிய மக்கு

நாமக்கல் முட்டை வியாபாரி நாச்சிமுத்துவின் ஆபீசில் பில் போடுகிறவன் செம்மலை. தன் மண்டையின் மேல் அவனுக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டர் கொஞ்சம் முக்கினாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிற ஆள்.

அங்கே முட்டை விற்பது முப்பது முட்டை அடங்கிய ட்ரே கணக்கில். பில் திரையோ டஜன் கணக்குக் கேட்டது. புரோகிராம் எழுதாமலே திரையை மாற்றித் தரும் சாஃப்ட்வேர் ஒன்று வாங்க முடிவாயிற்று.

"மூணு வந்திருக்கு. நல்லதா ஒண்ணை நீயே பொறுக்கு. ஆனா என் மச்சான் கொண்டுவந்ததை நீ கழிச்சே, நாளையிலிருந்து குடோன்ல ட்ரே தூக்கு" என்றார் முதலாளி.

கோட்டு சூட்டோடு வந்திருந்த மச்சான், "சின்னக் குழந்தைகூட இதுல மாத்திடும்!" என்றார்.

"குழந்தைக்கு எங்கீங்க போறது? நான் இருக்கேனுங்களே" என்று செம்மலை உட்கார்ந்தான். முதல் சாஃப்ட்வேரில் திணறினான். இரண்டாவதில் டஜன் அழகாக ட்ரே ஆயிற்று. மச்சானுடையதில் திரையே காணாமல் போயிற்று.

"என் மண்டைக்கு எட்டலீங்க. நீங்களே மாத்திக் காட்டுங்க" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

மச்சான் தட்டினார், தடவினார், வேர்த்தார். கடைசியில் செல்போனை எடுத்து, "தம்பி, உடனே கிளம்பி வா. நாலு வரி புரோகிராம் எழுதணும்!" என்றார்.

ஆபீசே சிரித்தது. முதலாளியும் சிரிப்பை அடக்கமாட்டாமல், "சரி, ரெண்டாவதையே வாங்கிடுவோம். ஏப்பா, சோதிச்சுப் பார்க்க உன்னை மாதிரி மக்கு கிடைக்காத கம்பெனியெல்லாம் என்ன பண்ணும்?" என்றார்.

"முதலாளியோட மச்சானைக் கூப்பிட்டுக்குமுங்க" என்றான் செம்மலை.