ஒரு கிலோ நூறு

கோமதிநாயகம் துப்பாக்கி லைசன்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொன்மணி டீச்சரைப் பார்க்கப் போனார். அறைக்குள் நுழைந்ததும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, வாசல் தெரியும்படி உட்கார்ந்தார். ஆறு மாதமாக எங்கே போனாலும் இப்படித்தான்.

பைபாஸ் ரோட்டில் அவருக்கு ஒரு எடைமேடை இருந்தது. லாரிகள் ஏறி எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். மணல் லாரிக்குக் குறைத்துச் சீட்டு எழுத மாட்டேன் என்றதற்காக, அங்கே வேலை பார்த்த ஆவுடையப்பனைப் பட்டப்பகலில் மூன்று பேர் வெட்டிக் கொன்றார்கள். பார்த்த சாட்சி கோமதிநாயகம் ஒருவர்தான். வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. இரண்டு தடவை ஒரு மோட்டார் சைக்கிள் எடைமேடைக்கு எதிரே வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

பொன்மணி டீச்சர் ரைபிள் கிளப்பில் சுடக் கற்றுக்கொடுப்பவர். கோமதிநாயகத்தைவிட எட்டு வயது இளையவர். பதினோரு வருடம் போலீஸில் இருந்தார். மந்திரிகளுக்குப் பின்னால், இடுப்பில் துப்பாக்கி இருப்பது தெரியாமல் சேலை கட்டிக்கொண்டு நின்றவர். வெடிச் சத்தத்தில் இடது காது மந்தமாகி வேலையை விட்டிருந்தார். யார் பேசினாலும் வலது காதைத் திருப்புவார்.

கோமதிநாயகம் தனக்கு வேண்டியதைச் சொன்னார். பெரிய குண்டு போடுகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும். ஒன்று பட்டால் எதிராளி எழுந்திருக்கக் கூடாது. ஆனால் இடுப்பில் அது இருப்பது வெளியே தெரியக் கூடாது. தனக்கும் உறுத்தக் கூடாது.

"பெரிசா இருக்கணும், இருக்கதும் தெரியக் கூடாது" என்றார் டீச்சர். "மாப்பிள்ளை தேடுத மாதிரில்லா கேக்கிய, அண்ணாச்சி."

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தங்கை செண்பகத்தின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். நூறு பேர் வருவார்கள். யார் எவன் என்று தெரியாது. மடியில் குழந்தை இருக்கும்போது இடுப்பிலும் அது இருக்க வேண்டும் என்றார்.

டீச்சர் மேஜைமேல் இரண்டு துப்பாக்கிகளை வைத்தார். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கியது. மற்றதைத் தூக்கியபோது கோமதிநாயகத்தின் மணிக்கட்டு தாழ்ந்தது. அதைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை.

வலது இடுப்பில் வைத்தால் உட்காரும்போது விலாவில் இடிக்கும் என்றார் டீச்சர். முதுகில் வைத்தால் சாய முடியாது. அக்குளில் தொங்கவிட்டால் மேலே கோட்டு வேண்டும். கணுக்காலில் கட்டுவது வேட்டிக்காரருக்கு ஆகாது.

"பச்சை பெல்ட்டுக்குள்ள செருகிக்கிடட்டுமா?"

"பெல்ட்டு முதல்ல உங்க வயித்தத் தாங்கட்டும்."

சேலை மடிப்புக்கு மேலே, இடுப்பில் இருந்த ஒரு தடத்தை டீச்சர் காட்டினார். தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது, இன்னும் போகவில்லை என்றார்.

"இப்ப உறுத்துதா?"

டீச்சர் சேலையை இழுத்து மூடினார். "லாரி வந்தா எப்படி எடை போடுவிய?" என்று கேட்டார்.

"காலி வண்டிய முதல்ல ஏத்துவோம். அப்புறம் லோடோட. காலி எடை தெரியாம லோடு எடை பாத்தா அது பொய்ச் சீட்டு."

டீச்சர் தலையாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தார். மரத்தில் செதுக்கி உள்ளே ஈயம் ஊற்றிய ஒரு துப்பாக்கியை அதன் தோலுறையோடு எடுத்துக் கொடுத்தார். கறுப்புச் சாயம் பூசியிருந்தது.

"பெரிசோட எடைதான். ஒரு கிலோ நூறு. ஏழு நாள் கட்டுங்க. படுக்கும்போது மட்டும் கழத்துங்க. எட்டாம் நாள் வாங்க, கடைக்கு நானே கூட வாரேன்."

"மரத்த வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? அவன் வந்து நின்னா?"

"உங்க வீட்டு வாசல்ல காவலுக்கு ஏட்டு உக்காந்திருக்காருல்லா. ஏழு நாள் அவரு பாத்துக்கிடுவாரு."

"அவரு செல்போனத்தான் பாக்காரு" என்றார் கோமதிநாயகம். ஆனாலும் வாங்கி வலது இடுப்பில் கட்டிக்கொண்டார்.

முதல் நாள் விலாவில் குத்தியது. இரண்டாம் நாள் தோல் சிவந்து எரிந்தது. இரண்டு அளவு பெரிய சட்டையாக ஆறு வாங்கினார். கல்யாண வீட்டுப் பந்தியில் சம்மணம் போட முடியாது என்பதால் சாப்பிடாமல் வந்தார். சலூனுக்குப் போகவில்லை. கட்டித் தழுவ வந்த சம்பந்தியைக் கும்பிட்டு நிறுத்தினார்.

மனைவி பேச்சியம்மாள் ஒரு நாள் சட்டைக்கு அடியில் அதைப் பார்த்துவிட்டாள். நிஜத் துப்பாக்கி என்றே நினைத்தாள். அன்றிலிருந்து சோறு வைக்கும்போது அவருடைய இடது பக்கமாகச் சுற்றி வந்து வைத்தாள். மரம்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் செண்பகம் குழந்தையோடு வந்தாள். குழந்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. தூக்காமல் தலையை மட்டும் தடவிக் கொடுத்தார். "மாமனுக்கு இப்பவே கிராக்கியப் பாரு" என்றாள் செண்பகம்.

ஆறாம் நாள் அது உறுத்தவில்லை. குளித்துவிட்டு விபூதி பூசுவதற்கு முன்பே கட்டிக்கொண்டார். கட்டாமல் நாலு எட்டு நடந்தால் ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. அன்று முழுக்க ஒரு தடவைகூட அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. டீச்சர் கொடுத்தது நல்ல எடைதான் என்று நினைத்துக்கொண்டார். அன்று பயமும் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஏழாம் நாள் காதுகுத்து, ஊருக்கு வெளியே சாஸ்தா கோயிலில் நடந்தது. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிக்கு முன்னால் உட்கார வேண்டும். கோமதிநாயகம் கழற்றவில்லை. மேலெல்லாம் அக்கி வந்திருக்கிறது என்று சொல்லிவைத்தார். கேட்ட சித்தப்பா ஒருவர் எழுந்து, மண்பானை செய்கிற வேளாரைக் கூப்பிட்டுக் காவி குழைத்து இங்கேயே அக்கி எழுதிவிடலாம், சட்டையைக் கழற்று என்றார். கோமதிநாயகம் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். "எழுதினா மூணு நாள் குளிக்கக் கூடாது, இவன் இப்பவே அப்படித்தான இருக்கான்" என்று இன்னொருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பேச்சு விட்டுப்போனது.

குழந்தையை இடது தொடையில் உட்கார வைத்தார்கள். இசக்கி ஆசாரி முன்னால் குந்தி உட்கார்ந்தார். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் காது குத்துகிறவர் அவர்தான். குழந்தையின் காது மடலில் சந்தனத்தால் புள்ளி வைத்துவிட்டுத் தங்கக் கம்பியை எடுத்தார்.

"வலது கையால தலைய நெஞ்சோட அணைச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நான் சொல்லுத வரைக்கும் விட்ராதிய."

கோமதிநாயகம் அணைத்துக்கொண்டார். குழந்தையின் தலை சூடாக இருந்தது. பால் வாசனை வந்தது.

அப்போது புளியமரத்தடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் இறங்கி நேராக அவரைப் பார்த்து வேகமாக வந்தான். அவனுடைய கை சட்டைக்குள் இருந்தது.

அவன் கையை வெளியே எடுத்தான். கிலுகிலுப்பை. செண்பகத்தின் கணவருடைய சிநேகிதன். வண்டி ஓட்டும்போது விழாமல் இருக்கச் சட்டைக்குள் போட்டிருக்கிறான்.

அதற்குள் கோமதிநாயகத்தின் வலது கை இடுப்புக்குப் போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. பிடி விட்ட தலை துள்ளியது. கம்பி சந்தனப் புள்ளியைத் தாண்டி மடலின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

குழந்தை வீரிட்டது. செண்பகம் ஓடிவந்து பறித்துக்கொண்டாள். ரத்தம் அதிகமில்லை, ஆனால் அந்தக் காதில் இனி எதுவும் தொங்காது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆசாரிக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, வயதான ஆளை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று யாரோ கேட்டார். சித்தப்பாவும் அதையே சொன்னார்.

இசக்கி ஆசாரி விரல்களை விரித்துத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோமதிநாயகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். சந்தேகமாகப் பார்க்கவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், நடுங்கியதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

கோமதிநாயகம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் வலது காதைத் திருப்பி, குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உறுத்துச்சா?" என்றார் கடைசியில்.

"அஞ்சாம் நாளோட நின்னுட்டு."

"யாருக்கும் தெரிஞ்சுதா?"

"வீட்டுக்காரியத் தவிர யாருக்கும் தெரியல."

"ஆசாரி எப்படி இருக்காரு?"

நாளைக்கு மேலத்தெருவில் ஒரு காதுகுத்து என்றும், ஆசாரி வர வேண்டாம் என்று அவர்கள் நேற்றே ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றும் கோமதிநாயகம் சொன்னார். சொல்லும்போது வாசலைப் பார்த்துக்கொண்டார். ரோட்டில் ஏதோ வண்டி போனது. அது போகும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அது வேணும் டீச்சர். சாட்சி சொல்லவிடாமத் தடுக்கத்தான் அவனுவ நிக்கானுவ. ஆவுடையப்பனுக்கு நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"வேணும்தான்" என்றார் டீச்சர். "யாரு இல்லன்னா? பெரிசே வாங்குவோம்."

கோமதிநாயகம் மரத்துப்பாக்கியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். இடுப்பு வெறிச்சென்று இருந்தது. லைசன்ஸ் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"உங்க கை தலைய விட்டத யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. எல்லாரும் குழந்தையத்தான் பாத்தாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இதுக்கும் சாட்சி நீங்க ஒருத்தர்தானா?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். டீச்சர் மரத்துப்பாக்கியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"கடை அஞ்சரை வரைக்கும் இருக்கும்லா டீச்சர்?"

"நாளைக்கும் இருக்கும். மேலத்தெருவுக்குப் போயிச் சொல்லிட்டு, காலி வண்டியா வாங்க அண்ணாச்சி. அப்புறம் லோடு ஏத்துவோம்."