கரிச்சான் வாலில் விழுந்த கொடிக்கால் முடிச்சு

அந்தக் காலத்தில் குருவிகள் மனிதரோடு பேசும். மனிதர்கள்தான் பாதி நேரம் காது கொடுப்பதில்லை. அப்போது ஒரு பெரிய கண்மாயின் இரண்டு கரையிலும் இரண்டு ஊர்கள் இருந்தன, கிழக்கூர் என்றும் மேற்கூர் என்றும். இரண்டுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு, காற்பந்துதான் பைத்தியம். வாழைச்சருகைச் சுருட்டி நாரால் வரிந்தால் பந்து. இரண்டு அகத்திக் கம்பை நட்டால் வாசல். அந்த வாசலில் நின்று பந்தைத் தடுப்பவனுக்கு வாசல்காரன் என்று பெயர். கோடையில் கண்மாய் வற்றத் தொடங்கியதும் இரண்டு ஊரும் ஓர் ஆட்டம் ஆடும். ஜெயித்த ஊருக்கு முதல் தண்ணீர். தோற்ற ஊருக்கு மிச்சம் இருந்தால் உண்டு.

ஆட்டம் என்றால் சகுனம் இல்லாமலா? விடிந்ததும் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு தோட்டத்தில் புகுந்து குருவி தேடுவார்கள். செம்போத்து கண்ணில் பட்டால் காரியம் பலிக்கும் என்பான் ஒருவன். தேன்சிட்டு வாழைப்பூவில் தொங்கினால் கால் தானாக ஓடும் என்பான் இன்னொருவன். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டவன் அன்றைக்கு அடிதடி நிச்சயம் என்று உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே வருவான்.

இவையெல்லாம் சில்லறைச் சகுனங்கள். கிழக்கூரின் பெரிய சகுனம் குண்டுக்கரிச்சான். கறுத்த உடம்பு, வெளுத்த வயிறு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. அப்போதெல்லாம் அதன் வால் வைத்த இடத்தில் நிற்கும். ஆட்டத்தன்று காலையில் முருங்கை மரத்தில் வந்து உட்காரும். ஜெயிப்பார்கள் என்று அதற்குப் பட்டால் வாலைத் தூக்கி வைக்கும், தோற்பார்கள் என்று பட்டால் தாழ்த்தி வைக்கும். மந்திரம் மாயம் ஒன்றும் அதற்குத் தெரியாது. யார் நொண்டுகிறான், யார் தூங்காமல் கிடக்கிறான், எதிரூர்க்காரன் எந்தக் காலால் உதைத்துப் பழகுகிறான் என்று மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். ஊரார் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். வால் தாழ்ந்திருந்தால் போதும், பந்தைத் தொடுமுன்பே மனசு விட்டுத் தோற்றுவிடுவார்கள்.

கிழக்கூரின் வாசல்காரன் பெயர் வெயிலான். கை நீளம், மனசுக்குத்தான் நிம்மதி கிடையாது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் கிடந்த தண்ணீர் ஓர் ஊருக்கே போதாது. வெயிலானின் கொடிகள் அப்போதுதான் அகத்தியில் ஏறத் தொடங்கிய இளங்கொடிகள். முதல் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவை வேரோடு கருகிவிடும், அவன் வேறு ஊருக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். இந்த நினைப்பில் அவனுக்குத் தூக்கம் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

ஆட்டத்தன்று காலையில் அவன் அடுப்படிக்கும் வீட்டு வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். மனைவி போதுமணி கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"ஏய்யா, கஞ்சிச் சட்டியச் சுத்தியா சாமி கும்புடுற? உக்காந்து குடிச்சிட்டுப் போ."

"எறங்கல புள்ள. நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு."

"அது ஓடுறது கெடக்கட்டும். சாயங்காலம் நீ ஓடணும்ல?"

அவன் கஞ்சியைத் தொடாமல், அந்த முருங்கை நிற்கும் கொல்லைக்குப் போனான். மற்ற ஆட்டக்காரர்கள் வருவதற்குள் தான் மட்டும் முதலில் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஓர் அவசரம். முருங்கைக் கிளையில் கரிச்சான் இருந்தது. வால் தாழ்ந்திருந்தது.

வெயிலான் கிளைக்கு நேர் கீழே ஓடிப் போய் நின்றான். "என்னப்பா இது? இன்னொரு தடவ நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன் வெயிலா," என்றது கரிச்சான். "ஒங்க ஆளுக பத்துப் பேரும் நல்லாத்தான் இருக்காங்க. நீதான் தூங்கல. கண்ணு செவந்து கெடக்கு, எடது கை மெதுவா வருது. மேற்கூர்க்காரன் எடது பக்கமா அடிச்சே பழகிக்கிட்டு இருக்கான். போ, போயி ஒரு தூக்கம் தூங்கு. அப்புறம் வா, பாக்கலாம்."

தூங்கு என்று அது சொன்னதில் ஒரு வழி இருந்தது. வெயிலான் காதில் அது விழவே இல்லை. வால் தாழ்ந்திருப்பது மட்டும்தான் அவன் கண்ணில் நின்றது. இன்னும் சற்று நேரத்தில் பத்துப் பேரும் வந்து இதைப் பார்ப்பார்கள், பார்த்ததும் அத்தனை பேரும் மனசு விட்டுவிடுவார்கள், அப்புறம் கொடிக்கால் ஏது, வெற்றிலை ஏது?

"சரி, எறங்கி வா. புழு இருக்கு," என்றான்.

அவன் தினமும் மண்வெட்டி பிடிக்கும்போது புரளும் புழுக்களைத் தின்று வளர்ந்த குருவி அது. அவன் மேல் அதற்குச் சந்தேகமே கிடையாது. இறங்கி வந்து கையிலேயே உட்கார்ந்தது. வெயிலான் சட்டென்று விரல்களை மூடினான். இடுப்பில் செருகியிருந்த வாழைநாரை உருவி, வாலைத் தூக்கி முதுகோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

"வெயிலா! என்ன பண்ற? வலிக்குது வெயிலா!"

"கொஞ்சம் பொறுத்துக்க. சாயங்காலம் நானே அவுத்து விட்டுர்றேன். ஒன் காலப் பிடிக்கிறேன், வாயத் தொறக்காத."

கொடிக்கால்காரன் கை ஆயிற்றே, அது போட்டது கொடிக்கால் முடிச்சு. வெற்றிலைக் கொடியை அகத்தியோடு இறுக்கிக் கட்ட மாட்டார்கள், கொடி நொந்துவிடும். வளர வளர நெகிழ்ந்து கொடுக்கும்படி தளர்வாகத்தான் முடிச்சுப் போடுவார்கள். அந்தப் பதற்றத்தில் வேறு முடிச்சு அவனுக்கு நினைவு வரவில்லை.

மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அணித் தலைவன் சடையன் முருங்கையை அண்ணாந்து பார்த்தான். வெயிலான் விட்டதும் கிளைக்குத் திரும்பியிருந்த கரிச்சான் வால் தூக்கிய கோலத்தில், அவன் கெஞ்சியதற்காக வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

"அடேய், வாலப் பாருங்கடா! வானத்தக் குத்துது!" என்று சடையன் கத்தினான். "மாப்ள வெயிலா, இன்னைக்குத் தண்ணி நம்மூருக்குத்தான்!"

பத்துப் பேரும் குதித்தார்கள். வெயிலானும் சேர்ந்து குதித்தான், திருடனுக்கு ஊர்வலத்தில் இடம் கிடைத்த மாதிரி.

சாயங்காலம் கண்மாய்ப் பொட்டலில் ஆட்டம் தொடங்கியது. கிழக்கூர்க்காரர்கள் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. விழுந்தால் எழுந்தார்கள், அடிபட்டால் சிரித்தார்கள். நாம் ஜெயித்துவிட்டோம், இனி ஆடி முடிப்பதுதான் பாக்கி என்ற எண்ணத்தில் சடையன் பந்தைத் தட்டிக்கொண்டு போய் அடுத்தடுத்து இரண்டு போட்டான். மேற்கூர்க்காரர்கள் திகைத்து நின்றார்கள்.

வாசலில் வெயிலான் மட்டும் வேர்த்துக் கொட்டினான். பத்துப் பேருக்கும் சகுனம் இருந்தது, அவனுக்கு இல்லை. அது நார் பிடித்து நிறுத்திய வால் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பந்து எதிர் வாசல் பக்கம் கிடக்கும்போதே அவன் கால் மாற்றி மாற்றி நின்றான். இடது பக்கம், இடது பக்கம் என்று மனசு அரித்தது. மேற்கூர்க்காரன் உதைத்த பந்து ஒன்று அவன் கையில் பட்டும் நழுவி உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. இரண்டும் இடது பக்கம்தான். ஆட்டம் சமமாயிற்று.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கூர்க்காரன் ஒருவன் கடைசியாகப் பந்தோடு ஓடி வந்தான். அந்த நேரம் பார்த்துக் கரிச்சான் பறந்து வந்து வெயிலான் காத்த வாசலின் அகத்திக் கம்பின் மேல் உட்கார்ந்தது. காலையிலிருந்து இழுத்து இழுத்து முடிச்சு நெகிழ்ந்திருந்தது. முழுக்க அவிழவும் இல்லை. வால் தாழ்ந்தது. நார் இழுக்க மேலே போயிற்று. மறுபடி தாழ்ந்தது.

வெயிலான் அதைப் பார்த்தான். மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? ஜெயமா, தோல்வியா? ஊரே "பந்து, பந்து!" என்று அலறியது. போதுமணியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "ஏய்யா, முன்னால பாருய்யா!" அவன் கண் வாலை விட்டு நகரவில்லை. பந்து அவன் இடது காலுக்குப் பக்கத்தில், கை வைத்தால் தடுத்துவிடலாம் என்ற வேகத்தில், உருண்டு உள்ளே போனது.

மேற்கூர்க்காரர்கள் தண்ணீர் திறக்கும் மடையை நோக்கி ஆரவாரமாக ஓடினார்கள். கிழக்கூர்க்காரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெயிலான் அழுதுகொண்டே கம்பருகே போய் நாரை அவிழ்த்தான். சடையன் பின்னால் வந்து நின்று அந்த நாரைப் பார்த்தான்.

"நீ கட்டுனதா மாப்ள?"

"ஆமா மச்சான்."

"அப்போ காலையில அது தோல்வின்னுதான் சொல்லுச்சா?"

"ஆமா."

சடையன் இன்னும் பக்கத்தில் வந்தான். அடிக்கப் போகிறான் என்று வெயிலான் தலையைக் குனிந்துகொண்டான். சடையனோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை எங்ககிட்டச் சொல்லாம இருந்த," என்றான். "சொல்லியிருந்தா நாங்களும் ஒன்னைய மாதிரிதான ஆடியிருப்போம்?"

அதைவிட அடித்திருக்கலாம் என்று வெயிலானுக்கு இருந்தது.

கரிச்சான் வாலை ஓர் இடத்தில் நிறுத்தப் பார்த்தது. முடியவில்லை. நாள் முழுக்க நாரோடு மல்லுக்கட்டியதில் வால் நரம்பு பிசகிவிட்டது. தூக்கினால் இறங்கியது, இறக்கினால் ஏறியது.

"நீ தோத்தே தீருவேன்னு நான் சொல்லல வெயிலா. தூங்குன்னு சொன்னேன்," என்றது. "இனி ஒங்க யாருகிட்டயும் பேச மாட்டேன். இந்த வாலும் ஒங்களுக்கு ஒண்ணும் சொல்லாது." ஒரு சீழ்க்கை அடித்துவிட்டுப் பறந்தது. அதற்குப் பிறகு அது மனிதரோடு பேசவே இல்லை.

அந்தக் கோடையில் வெயிலானின் கொடிகள் கருகின. அவனும் போதுமணியும் மேற்கூர்க் கொடிக்காலிலேயே கூலிக்குப் போய்க் கொடி கட்டினார்கள். அடுத்த ஆட்டத்தன்று காலையில் பத்துப் பேரும் வழக்கம்போல முருங்கையடிக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்பே அங்கே ஒருவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். அது வெயிலான்தான். வால் கீழே இறங்கியது, அவன் நகரவில்லை. மேலே ஏறியது, அது மறுபடி இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்று சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடிவிட்டான்.

அன்று முதல்தான் குண்டுக்கரிச்சானின் வால் ஒரு நொடிகூட நிலைகொள்ளாமல் ஏறி இறங்குகிறது. பந்தாடப் போகிறவனும் அது மேலே ஏறும்வரை தோட்டத்தில் தவியாய்த் தவித்து நின்று, ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறான்.