பேராசிரியரின் வால்

பகுப்பாய்வுத் தத்துவம் கற்பித்த பேராசிரியர் அரங்கண்ணல், எந்தக் கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் என்பார். ஒருநாள் அவர் தட்டில் ஒரு வடை குறைந்தது. கேன்டீனில் சமைக்கும் பவுனம்மாளைக் கல்லூரி முதல்வர் அறைக்கு வரவழைத்துவிட்டார்.

"வடை திருடுவதை நிறுத்திவிட்டாயா? ஆமா, இல்லையா? வேறு பதில் சொன்னால் வேலை போய்விடும்," என்றார் பேராசிரியர்.

ஆம் என்றால் முன்பு திருடியவள். இல்லை என்றால் இன்னும் திருடுகிறவள். பவுனம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்றேங்கய்யா. அதுக்கு முன்னாடி, உங்க வாலை மழிக்கிறதை நிறுத்திட்டீங்களா? ஆமாவா, இல்லையா?"

"எனக்கு ஏதம்மா வால்?"

"இது மூணாவது பதிலுங்கய்யா."

முதல்வர் எதையும் விசாரிக்காமல் நம்பமாட்டார். பேராசிரியரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பேராசிரியரும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வால் இருந்தாத்தானே மழிக்கிற பேச்சு? திருடினேனான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்றேன்," என்றாள் பவுனம்மாள்.

முதல்வர் அவளை வேலைக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் பேராசிரியர், "பதில் சொல்லுமுன் கேள்விக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்" என்று பாடம் நடத்தினார். மாணவர்கள் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது மட்டும் எழுதுவதை விட்டுவிட்டு அவர் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தார்கள்.