ஓணான்மலைத் தேறல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு நாட்டில் சித்திரசேனர் என்றொரு மன்னர் இருந்தார். கப்பலில் வரும் யவன மது ஒருநாள் அவருக்குத் திடீரென்று அலுத்துப் போயிற்று.

"பேர்பெற்ற ஊர்களின் மதுவையே எத்தனை காலம் அருந்துவது? யாரும் கேள்விப்படாத ஊர்களில் திராட்சை விளையவில்லையா? கொண்டு வாருங்கள், சுவைத்துப் பார்ப்போம்!" என்று உத்தரவு போட்டார். மன்னருக்கு ஆசை வந்தால் கஷ்டம் குதிரைகளுக்குத்தான். நாலு திசையிலும் ஆட்கள் பறந்தார்கள்.

அரண்மனையில் ஒருவருக்கு மட்டும் அந்த உத்தரவு பிடிக்கவில்லை. அவர் மதுச்சாலைத் தலைவர் தாண்டவராயர். மன்னர் வாய்வைக்கும் முன்பு சுவைத்து, நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. அவர் சொன்னதையே சபை முழுவதும் திருப்பிச் சொல்லும். யவன வணிகர்கள் கரையில் இறங்கியதும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவார்கள். வெறுங்கையோடு போகவும் மாட்டார்கள். மன்னருடைய நாக்கு வேறு ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டால் அந்த வரும்படி என்ன ஆவது?

ஆகவே வந்ததையெல்லாம் அவர் துப்பினார். மணற்காட்டு ஓரத்திலிருந்து வந்ததைப் புளித்த மோர் என்றார். பனிமலைப் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததைத் துணி அலசிய தண்ணீர் என்றார். சபையும் முகத்தைச் சுளித்து "ஆமாம், ஆமாம்" என்றது.

கடைசியாக ஓணான்மலையிலிருந்து சடைச்சி என்ற பெண் ஒரு மண்பானையைச் சுமந்துகொண்டு வந்தாள். ஊர்ப்பெயரைக் கேட்டே சபை சிரித்தது. தாண்டவராயரும் சிரித்துக்கொண்டேதான் ஒரு வாய் எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் லேசான துவர்ப்பு, அதன் பின்னால் நாவற்பழம்போல் ஒரு இனிப்பு. இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் குடித்ததில்லை. அதனாலேயே அவருக்குப் பயம் வந்தது. அவசரமாகத் துப்பினார்.

"அரசே! கழுதைகூட இதைக் குடிக்காது. அந்த மலையில் உள்ள கொடிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு நம் குதிரைகளுக்குக் கொள்ளு விதைக்க ஆணையிடுங்கள்!"

சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாமி, எங்க ஊருக்கு அந்தக் கொடிதான் சோறு. கொள்ளு போட்டா ராசா குதிரை திங்கும், நாங்க எதத் திங்கிறது?"

அப்போது விகடகவி உத்தண்டி எழுந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பதும், தாண்டவராயரை எரிய வைப்பதும் அவன் தொழில். "அரசே, கெட்டிருப்பது பானையா, ஐயாவின் வாயா என்று பார்த்துவிடலாமே. யவன மதுவையும் மலை மதுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைக்கட்டும்."

"தீர்ப்பு நான்தான் சொல்வேன்!" என்று தாண்டவராயர் துள்ளினார். "யவன மது வென்றால் கொடிகளோடு இவனும் இந்நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் உத்தண்டி.

மன்னர் கையை உயர்த்தினார். "யவன மது யவனச் சாடியில் இருக்க வேண்டும். மலை மது மண்பானையில் இருக்க வேண்டும். உத்தண்டி, நாளைக் காலை நீதான் ஊற்ற வேண்டும்."

தாண்டவராயர் குஷியாக வீட்டுக்குப் போனார். ஆனால் சாப்பிட உட்கார்ந்ததும் சோறு இறங்கவில்லை. எதிரியையே நீதிபதியாக வைக்க உத்தண்டி ஏன் உடனே ஒத்துக்கொண்டான்? அவன் என்ன அவ்வளவு அசடா? இதில் ஏதோ இருக்கிறது!

யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய வேலையாள் மூக்கன் ஓடி வந்தான். "எசமான், அந்த உத்தண்டிய இப்பதான் மதுச்சாலைக்குப் பின்னால பார்த்தேன். வெரல்லாம் அரக்கு. வேட்டியில மது சிந்திக் கெடக்கு. அக்கம்பக்கம் பார்த்துட்டுக் கெணத்துல கை கழுவிட்டு நழுவிட்டாரு!"

தாண்டவராயர் தொடையைத் தட்டினார். "பயல் சரக்கை மாற்றிவிட்டான்! சாடியின் முத்திரையைப் பிரித்து, மலை மதுவை ஊற்றி, மறுபடி அரக்கு வைத்திருக்கிறான். நான் சாடியைப் புகழுவேன், உடனே குட்டை உடைக்கலாம் என்று கணக்கு. என்னிடமா?" அதன்பிறகு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. மன்னரின் காலடியில் சாடியும் பானையும் இருந்தன. ஓரமாகச் சடைச்சி கைகூப்பி நின்றாள். உத்தண்டி சாடியின் அரக்கை உடைத்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினான்.

தாண்டவராயர் பருகினார். தினமும் பழகிய அதே யவன மதுபோலத்தான் நாக்கில் பட்டது. ஒரு கணம் தயங்கினார். நாக்கை நம்புவதா, மூக்கன் சொன்னதை நம்புவதா? உத்தண்டியின் முகத்தைப் பார்த்தார். அவன் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றான். அது போதுமாக இருந்தது.

"தூ! இது ஓணான்மலைக் கஷாயம்!" என்று கத்தினார். "அரசே, இவன் மாற்றி வைத்திருக்கிறான்!" பிறகு பானை மதுவை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! இதுவல்லவா யவன அமுதம்! கடற்காற்று வீசுகிறது. கப்பலின் பாய்மர வாசம்கூட வருகிறது. இதற்கு ஈடாக உலகத்தில் ஒரு மது கிடையாது!"

"பாய்மரம், பாய்மரம்!" என்றது சபை.

மன்னர் மெதுவாகத் தம் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினார். "தாண்டவராயரே, நேற்று மாலை உத்தண்டி எம்மிடம் வந்து, 'அரசே, என்னை நம்பாதீர்கள், இரண்டையும் உங்கள் அறையிலேயே வைத்துப் பூட்டுங்கள்' என்றான். பூட்டினோம். இன்று காலை நாமே திறந்தோம். சாடியில் இருப்பது யவன மது. பானையில் இருப்பது ஓணான்மலை மது."

தாண்டவராயர் தாம் குடித்து முடித்த கிண்ணத்தை மறுபடி முகர்ந்து பார்த்தார். அந்தத் துவர்ப்பும் அந்த நாவற்பழ இனிப்பும் இப்போதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தன.

"அப்படியென்றால் அந்த அரக்கு?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"காலிச்சாடி ஒன்றுக்கு அரக்கு பூசிப் பழகினேன் ஐயா, மூக்கன் கண்ணில் படும்வரை" என்றான் உத்தண்டி. "மற்றபடி அரசர் எப்படிச் சொன்னாரோ அப்படியே ஊற்றினேன். ஒரு சொல்லும் மீறவில்லை. நான் அப்படி நாணயமாக நடப்பேன் என்று தங்களுக்குத்தான் தோன்றவில்லை."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சாய்ந்துவிட்டது. பானையிலிருந்து தாமே ஊற்றிக் குடித்தார். இன்னொரு கிண்ணமும் ஊற்றிக்கொண்டார். ஓணான்மலையில் ஒரு கொடியையும் யாரும் தொடக் கூடாது, இனி அரண்மனைக்கு மது அங்கிருந்துதான் என்று ஆணை பிறந்தது. சடைச்சி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தாள்.

"உத்தண்டி, இந்த முத்துமாலை உனக்கு. இவரை என்ன செய்யலாம்? நாட்டைவிட்டே அனுப்பிவிடட்டுமா?"

உத்தண்டி பதறிப்போனான். "வேண்டாம் அரசே! இந்தப் பதவியிலேயே இருக்கட்டும். என்னை இவ்வளவு பெரிய புத்திசாலி என்று நம்புகிறவர் இந்தச் சபையில் இவர் ஒருவர்தான்."

மன்னர் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். சபை வழக்கம்போலத் தாண்டவராயரின் முகத்தைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார்.