மாம்பழத் துரோக வழக்கு

வெண்ணாற்றுச் சீமையில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். முதலில், தோப்புகளுக்குப் பாய்ந்த தண்ணீரை அரண்மனைத் தாமரைக் குளத்துக்குத் திருப்பினார்கள். இரண்டாவது, பழம் ஏற்றும் வண்டி மாடுகளை ராஜாவின் ஊர்வலத்துக்கு ஓட்டிப்போனார்கள். மூன்றாவது, சந்தைக்குப் போகும் பழமெல்லாம் அரண்மனை வழியாக, ராஜாவின் ஆசி பெற்றுத்தான் போக வேண்டும் என்று முரசறைந்தார்கள். நான்காவது, அப்படிப் போன பழங்கள் அழுகியபோது, அழுகுவது ராஜதுரோகம் என்று சட்டம் போட்டார்கள். ஐந்தாவது, மாடத்தியைப் பிடித்தார்கள். ஒவ்வொரு அநியாயமும் முந்தியதன் தோளில் ஏறி நின்றது.

மாடத்தி மாந்தோப்புக்காரி. அவள் கூடைப் பழம் அழுகிவிட்டது. தோப்பையே வேரோடு வெட்ட வேண்டும் என்றார் பிரதானி சூரப்பர். அந்த இடத்தில் அவருக்கு ஒரு நாடகசாலை கட்ட ஆசை.

"மரத்துல இருந்து இறக்கையில கல்லாட்டம் இருந்துச்சு மகாராசா. இங்க வந்துட்டுப் போனப்புறந்தான் இப்படி ஆச்சு," என்றாள் மாடத்தி.

"அரண்மனையைக் குறை சொல்கிறாயா?" என்று உறுமினார் சூரப்பர்.

சபையில் ஆவுடைநாதர் என்று ஒருவர் இருந்தார். பறித்த பழம் எத்தனை நாள் தாங்கும், ஏன் கெடும் என்று ஆராய்வதே அவர் வேலை. மாடத்தியின் அழுகிய பழம் ஒன்றை அவர் துண்டால் துடைத்துப் பார்த்தார். சட்டென்று அதை மடியில் மறைத்தார். உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அதை அவர் வாயால் சொன்னால் தலை போகும். அதற்கு வேறொரு வாய் வேண்டும்.

"மகாராஜா, துரோகம் செய்தது பழமா, இந்த அம்மாளா?"

"பழம்தான்," என்றார் ராஜா பராங்குசப் பூபதி.

"அப்படியானால் பழத்தை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா?"

சூரப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பறித்த பழம் செத்த பழம் ஐயா! பிணத்தையா விசாரிப்பீர்?"

ஆவுடைநாதர் தம் ஆராய்ச்சிப் பானை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். மாம்பழங்களைப் போட்டு, முதல் நாளே வாயை இறுக மூடிய பானை. மூடியை விலக்கி ஒரு விளக்கை உள்ளே இறக்கினார். விளக்கு அணைந்தது.

"பார்த்தீர்களா? உள்ளே இருந்த நல்ல காற்றை எல்லாம் பழம் இழுத்துத் தீர்த்துவிட்டது. பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. மூச்சு வாங்க வாங்கச் சீக்கிரம் பழுக்கும், சீக்கிரம் அழுகும். யாரோ ஒருவன் இதை மூச்சிரைக்க வைக்கிறான். அவன்தான் துரோகி."

ராஜா துள்ளி எழுந்தார். "யார் அவன்?"

"ஒரே மரத்தில், ஒரே காலையில் பறித்த இரண்டு கூடைப் பழம் வேண்டும். ஒரு கூடை வழக்கம்போல மகாராஜாவின் ஆசி பெறட்டும். மற்றது பெற வேண்டாம். இரண்டையும் ஒரே சிறையில் அடைப்போம்."

"ஆசி பெறாத கூடைதான் முதலில் நாறும்!" என்று கத்தினார் சூரப்பர். "அப்படி இல்லையென்றால் துரோகியின் பெயரைச் சபையில் நானே வாசிக்கிறேன்!"

ஆவுடைநாதருக்கு வேண்டிய வாய் கிடைத்துவிட்டது.

ராஜாவும் சத்தியம் செய்தார். "பெயர் வாசிக்கப்பட்ட நொடியே மாடத்தி விடுதலை. தோப்பு அவளுக்கு. பெயருக்கு உரியவன் ஆயுளுக்கும் ஒரு பழத்தைத் தொடக் கூடாது!"

பிறகு ஊஞ்சலில் சாய்ந்து, வெற்றிலையை மென்றுகொண்டே, கண்ணை மூடி, ஒரு கூடைப் பழங்களுக்கு ஆசி வழங்கினார். ஆசி என்றால் வேறொன்றுமில்லை. முத்திரை மோதிரத்தால் ஒவ்வொரு பழத்தின் கன்னத்திலும் ஓர் அழுத்து.

கூடைகள் சிறைக்குப் போயின. வாசலில் ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். சூரப்பர் தினமும் போய்ப் பழங்களை மிரட்டினார். "உண்மையைச் சொல்! இல்லாவிட்டால் பிழிந்துவிடுவேன்!" பழங்கள் வாய் திறக்கவில்லை.

விசாரணை நாளும் வந்தது. ஆசி பெறாத கூடையைத் திறந்தார்கள். சபை முழுக்க மணம். ஆசி பெற்ற கூடையைத் திறந்தார்கள். முன்வரிசைப் பிரபுக்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வரிசைக்கு ஓடினார்கள்.

ஆவுடைநாதர் அழுகியதில் ஒன்றை எடுத்துச் சூரப்பர் கையில் வைத்தார். "அழுகல் எங்கே தொடங்கியிருக்கிறது, பிரதானி?"

"இதோ... கறுப்பாக ஒரு வட்டம்."

"நசுங்கிய இடம். அங்கேதான் மூச்சிரைப்பு தொடங்கியிருக்கிறது. வட்டத்துக்குள் என்ன?"

"ஏதோ எழுத்து..."

"அடேயப்பா! பெயரையும் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். சபையோரே, நீங்களெல்லாம் சாட்சி. பிரதானி வாசிப்பார்."

சூரப்பர் பழத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். உடனே தள்ளிப் பிடித்தார். "எழுத்து... கொஞ்சம் மங்கல்..."

"அதனாலென்ன? கூடை நிறைய இருக்கிறது. வேறொன்று எடுத்துக்கொள்ளுங்கள்."

ராஜா காலால் தரையை உதைத்தார். "என்ன ஓய் விழிக்கிறீர்? வாசியும்! உரக்க வாசியும்! வாசலில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும்!"

அந்தச் சீமையில் பட்டங்களை விட்டுவிட்டு அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கை அறுப்பார்கள். சூரப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முழங்கை வரை பழச்சாறு வழிய, சபை அதிர வாசித்தார்:

"ராஜாதிராஜ, ராஜகம்பீர, சகல தோப்புகளின் காவலர், ஸ்ரீமான் பராங்குசப் பூபதி!"