கோடிட்ட இடம் இருபது

ஊட்டி ஹோட்டலில் துணி துவைத்துத் தேய்க்கும் செண்பகவல்லி, பரீட்சையில் மூன்று முறை தோற்றும், ரிசப்ஷன் வேலை கேட்டு நாலாம் முறையாக வந்து நின்றாள்.

மேனேஜர் தியோடர், கான்வென்ட்டில் படித்த முதலாளியம்மா முன்னாலேயே சிரித்தார். "அதே பரீட்சைதான். இங்கிலீஷ்ல இன், ஆன், அட் போட்டு நிரப்ப இருபது கோடிட்ட இடம். ஒண்ணு தப்பினாலும் சலவைதான்!"

"ஆகட்டுங்க சார். நீங்களும் கூட எழுதுங்க. அம்மா திருத்தட்டும்."

"எனக்கே பரீட்சையா?" என்று கெத்தாக உட்கார்ந்தவரின் கை சட்டைப் பைக்குள் போனது. பை காலி. மூன்றாம் கேள்வியிலேயே வேர்த்துக் கொட்டியது.

செண்பகவல்லி எழுதி முடித்து, கூடவே இன்னொரு தாளையும் முதலாளியம்மாவிடம் நீட்டினாள்.

"சார் பார்த்துத் திருத்துற விடைத்தாளுங்கம்மா. நேத்து துவைக்கப் போட்ட சட்டையில இருந்துச்சு. அதுலயே ரெண்டு விடை தப்புங்க. அந்த ரெண்டுக்குத்தான் என்னை மூணு தடவையும் தள்ளினாரு. திருத்தி, தேய்ச்சு வெச்சிருக்கேன்."